ஒட்டுக்கேட்பு ஆணைக்கு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும்: செயற்குழுவின் நிலைப்பாடு

ஆறு நாள் இடைவெளியில் இரண்டு உயர் நீதிமன்றங்கள் ஒரே கேள்விக்கு நேரெதிரான விடைகளைத் தந்தன. ஊழல் வழக்கைத் துப்புத் துலக்க ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாமா என்பது கேள்வி. 2025 ஜூன் 26 அன்று தில்லி உயர் நீதிமன்றம், பெரிய ஊழல் நாட்டின் பொருளாதாரத்தையே தாக்குவதால், ஒட்டுக்கேட்புக்குச் சட்டம் விதிக்கும் பொதுப் பாதுகாப்பு என்ற நிபந்தனைக்குள் அது வரும் என்றது. ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கான இரகசிய ஒட்டுக்கேட்புக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி, 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஆணையை ரத்து செய்தார். அன்றிலிருந்தே நமது அமைப்பின் கருத்து என்ன என்று உறுப்பினர்கள் கேட்டு வந்தார்கள். அதற்குள் நவம்பர் இறுதியில், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கைபேசியிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலி இருந்தே ஆக வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று அதைக் கைவிட்டது. அந்தச் செயலி ஒட்டுக்கேட்புக் கருவி என்று நாங்கள் சொல்லவில்லை. உத்தரவுதான் திரும்பப் பெறப்பட்டுவிட்டதே, இனி அறிக்கை எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டவர்கள் உண்டு. போனது ஓர் உத்தரவு. யாரையும் கேட்காமல் குடிமக்களின் கைபேசிக்குள் கையை நுழைக்கலாம் என்ற துணிச்சல் போய்விடவில்லை. ஆகவே இந்த அறிக்கை.

அரசு எந்தச் சூழ்நிலையிலும் யாருடைய பேச்சையும் கேட்கக் கூடாது என்பது நமது நிலைப்பாடு அல்ல. அப்படி முழுத் தடை கோர வேண்டும் என்ற கருத்தும் விவாதத்தில் எழுந்தது. அதை இந்த அறிக்கை ஏற்கவில்லை, நிராகரிக்கவும் இல்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான். ஒட்டுக்கேட்க விரும்பும் அரசே அதற்கு அனுமதி கொடுத்து, அந்த அனுமதி சரிதானா என்று அரசே பார்த்துக்கொள்ளும் இன்றைய ஏற்பாடு அரசமைப்புச் சட்டத்துக்கு ஒவ்வாதது. நீதிபதி ஒருவரின் முன் ஒப்புதல் இல்லாமல் எந்த ஒட்டுக்கேட்பு ஆணையும் செல்லக் கூடாது.

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், ஒட்டுக்கேட்க அதிகாரம் தந்த அதன் 5(2) பிரிவு, 1996 டிசம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிமுறைகள், 2007இல் வந்த 419ஏ விதி ஆகியவற்றின் வரலாறு உறுப்பினர்கள் அறிந்ததே. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் அதன் ஒட்டுக்கேட்பு விதிகள் வந்தன. நூற்று முப்பத்தெட்டு ஆண்டுப் பழைய சட்டத்தை மாற்ற வாய்த்த தருணத்தில்கூட நீதிபதியின் ஒப்புதல் என்ற அந்த ஒரு கதவை அரசு திறக்கவில்லை. மத்தியில் உள்துறைச் செயலர் ஆணையிடுவார். அமைச்சரவைச் செயலர் தலைமையில் மேலும் இரண்டு செயலர்கள் கொண்ட மறுஆய்வுக் குழு அதைப் பார்க்கும். மாநிலத்தில் உள்துறைச் செயலர் ஆணையிடுவார். தலைமைச் செயலரின் குழு பார்க்கும். பெயரளவில்கூட வெளியாள் ஒருவர் இல்லை.

இந்த மறுஆய்வு என்னும் ஏற்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் ஒவ்வொரு முறையும் இதைத்தான் கேடயமாக எடுத்துவருகிறது. மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகளைப் பிறப்பிப்பதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 2013இல் ஒரு பதில் கிடைத்தது. குழு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடினால் போதும் என்பது விதி. ஆக, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளை அந்த மூவரும் பரிசீலிக்க வேண்டும். இது நடக்கக்கூடிய காரியமே அல்ல என்பதை அரசே அமைத்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டின் மிக உயர்ந்த மூன்று அதிகாரிகள் தேநீருக்குக்கூட எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு விநாடி கிடைக்காது. ஆணையில் இருக்கும் பெயரைப் படித்து முடிக்கவே அந்த நேரம் போதாது. காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, வேறு வழியில் அந்தத் தகவலைப் பெற முடியாதா, பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்போது? இதற்குப் பரிசீலனை என்று பெயர் வைத்து, இது போதும் என்று நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வது மக்களை ஏமாற்றும் செயல். செயற்குழுவில் சிலர் இதைவிட மென்மையான சொல் வேண்டும் என்றார்கள். பொருத்தமான மென்சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த எண்ணிக்கையும் பழையது. இன்றைய எண்ணிக்கையைக் கேட்டால் என்ன ஆகும்? அடுத்து வந்த ஆண்டுகளில் புள்ளிவிவரம் மட்டும் கேட்ட மனுவுக்கு, ஆவணங்கள் விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழிக்கப்படுவதால் தகவல் இல்லை என்று உள்துறை பதில் சொன்னது. யாருடைய பெயரையும் யாரும் கேட்கவில்லை. எத்தனை என்று மட்டும் கேட்டதற்கே இந்தப் பதில். அந்தரங்கத்தைக் காப்பதற்காக எழுதப்பட்ட அழிப்பு விதி, அரசு தன் கணக்கை மறைத்துக்கொள்ளும் திரையாகிவிட்டது. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு, அது முடிந்த பிறகும் அறிவிக்க வேண்டியதில்லை. தெரியாதவர் புகார் செய்ய முடியாது; புகார் இல்லாததால் முறைகேடு இல்லை என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். சென்னைத் தீர்ப்பு வந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம். ஒட்டுக்கேட்ட பேச்சை ஆதாரமாக்கி மத்தியப் புலனாய்வுத் துறை குற்ற வழக்குத் தொடர்ந்தது. அதனால்தான் ஆணை நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. பார்த்தால், பதிவானவற்றை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை. 2011இல் போட்ட கையெழுத்து செல்லாது என்று அறிய 2025 வரை ஆயிற்று. வழக்கில் முடியாத ஆயிரக்கணக்கான ஆணைகளின் கதி என்ன என்று யாருக்கும் தெரியாது.

இதையே வீட்டுச் சோதனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவசரத்தில் வாரண்ட் இல்லாமல் ஒரு வீட்டைக் காவல் அதிகாரி சோதனையிட்டால், காரணத்தை எழுதி, பதிவின் நகலை 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 185. வீட்டுக்காரர் கேட்டால் அவருக்கும் நகல் உண்டு. பீரோவைத் திறந்தால் நீதிமன்றத்துக்குக் காகிதம் போகிறது. மருத்துவரோடும் வழக்கறிஞரோடும் மனைவி மக்களோடும் ஒருவர் பேசுவதை இரண்டு மாதம், நீட்டித்தால் ஆறு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தாலும் நீதிமன்றத்துக்கு ஒரு வரிகூடப் போகாது. எந்த நியாயத்தில் இது பொருந்துகிறது என்று அரசு விளக்கட்டும்.

முறைகேடு வெறும் கற்பனை என்பவர்களுக்கு வரலாறே பதில். 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டில் பதவி விலகினார். அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் பற்றி மத்தியப் புலனாய்வுத் துறை நடத்திய விசாரணையில், ஆணையைக் காட்ட முடியாத எண்களும் கேட்கப்பட்டது தெரிந்தது, பி.யு.சி.எல். வழக்கே அதிலிருந்து பிறந்ததுதான். தெலங்கானாவில் 2023 தேர்தலுக்கு முன்பு எதிர்க்கட்சியினரும் பத்திரிகையாளர்களும் ஒட்டுக்கேட்கப்பட்டார்கள், ஆட்சி மாறியதும் கணினி வட்டுகள் அழிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டில் காவல் அதிகாரிகளே கைதானார்கள். அது நிரூபணமாக வேண்டிய வழக்கு என்பதால் அதற்கு மேல் சொல்லவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே நிலைதான் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில், அதை வாங்கினீர்களா இல்லையா என்ற எளிய கேள்விக்கு மத்திய அரசு உச்ச நீதிமன்றத்திலேயே நேரான பதில் தரவில்லை. தேசப் பாதுகாப்பு என்று சொன்னதாலேயே நீதிமன்றம் ஒதுங்கி நிற்காது என்று 2021 அக்டோபரில் சொல்லி, முன்னாள் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் நீதிமன்றம் குழு அமைத்தது. 29 கைபேசிகளைச் சோதித்ததில் ஐந்தில் ஏதோ தீங்குநிரல் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும், அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் 2022 ஆகஸ்டில் தெரிந்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவுக்கே ஒத்துழைக்காத அரசு, தானே தன்னைக் கண்காணித்துக்கொள்ளும் என்று நம்பச் சொல்கிறது.

மும்பையை மறந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். மறக்கவில்லை. 2008 நவம்பர் தாக்குதலின்போது கராச்சியிலிருந்து வந்த கட்டளைகளை நமது காவல் துறை இடைமறித்துக் கேட்டது. பின்னர் வழக்கிலும் அது பெரிதும் பயன்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் நீதிபதியைத் தேடி ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உடனடியாகத் தொடங்கி ஏழு வேலை நாட்களுக்குள் உள்துறைச் செயலரின் உறுதிப்பாட்டைப் பெறலாம் என்ற அவசர வழி இப்போதே விதியில் இருக்கிறது. அந்த உறுதிப்பாட்டை நீதிபதி தரட்டும் என்பதே நமது கோரிக்கை. ஒரு நிமிடமும் வீணாகாது. மும்பையைக் காட்டி எல்லோரையும் கண்காணிப்பதையும் நியாயப்படுத்த முடியாது. குறிப்பிட்ட ஆளைக் குறிவைத்துக் கேட்பது வேறு, எல்லோருடைய விவரத்தையும் அள்ளிக் குவிப்பது வேறு. இரண்டாவதைச் செய்துபார்த்த நாடு அமெரிக்கா. கோடிக்கணக்கானோரின் அழைப்பு விவரங்களைத் திரட்டிய திட்டம் 2013இல் அந்நாட்டு உளவு அமைப்பின் ஒப்பந்தப் பணியாளர் ஸ்நோடென் மூலம் வெளிவந்தது. அந்நாட்டின் அந்தரங்க உரிமை, குடிமை உரிமைகள் மேற்பார்வை வாரியம் இரகசியக் கோப்புகளையும் பார்த்துவிட்டு, பயங்கரவாத விசாரணை ஒன்றின் முடிவை இந்தத் திட்டம் மாற்றியதற்கு ஓர் உதாரணம்கூடக் கிடைக்கவில்லை என்று 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. 2015இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அந்தத் திட்டத்தை நிறுத்தியது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நமது உறுப்பினர்களான வழக்கறிஞர்களிடமிருந்தே வந்தது. நீதிபதிகளும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட மாட்டார்களா? அமெரிக்காவின் அந்தத் திட்டத்துக்கே இரகசிய நீதிமன்றம் ஒன்று மீண்டும் மீண்டும் அனுமதி கொடுத்ததே? உண்மைதான். அரசுத் தரப்பை மட்டும் கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னதால் வந்த கேடு அது. 2015இல் சட்டத்தைத் திருத்தியபோது எதிர்வாதம் செய்ய வெளி வழக்கறிஞர்களுக்கு இடம் கொடுத்தார்கள். நாமும் அதையே கேட்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீதிபதி மறுக்கலாம், மறுத்தால் அவருடைய பதவி உயர்வு உள்துறையின் கையில் இல்லை. செயலருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அமெரிக்காவில் சாதாரணக் குற்ற வழக்குகளில் 1968 முதல் நீதிபதியின் ஆணை இல்லாமல் ஒட்டுக்கேட்க முடியாது. முடிந்தபின் பொதுவாக 90 நாட்களுக்குள் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை ஆண்டுதோறும் வெளியாகிறது. 1996இல் நமது உச்ச நீதிமன்றம் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்காதபோது, சட்டத்தில் அதற்கு வழியில்லை என்றதோடு பிரிட்டனில்கூட அப்படி இல்லை என்பதையும் பார்த்தது. அந்த பிரிட்டன் 2016இல் மாறிவிட்டது: அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையரின் ஒப்புதல் வேண்டும். இங்கே 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு நின்ற தரை இன்று இல்லை.

வேறு சில விஷயங்களைத் தொட்டு மட்டும் செல்கிறோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் பொது நெருக்கடி என்ற நிபந்தனைகூடக் கிடையாது; எந்தக் குற்றத்தின் விசாரணைக்கும் இணையப் பேச்சைக் கேட்கலாம் என்பதால் சென்னைத் தீர்ப்பின் பாதுகாப்பு அங்கே எட்டுமா என்ற கவலை நமக்கு உண்டு. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு விரும்பிய அமைப்புகளுக்கு விலக்களிக்க 17ஆம் பிரிவில் வழிசெய்திருக்கிறது. தனியார் நிறுவனங்களும் நம்மை வேவு பார்க்கவில்லையா என்பார்கள். பார்க்கின்றன, அதுவும் தவறு. ஆனால் அவை நம்மைச் சிறையில் வைக்க முடியாது. ஒளிக்க ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அவசியம் இருப்பதாகச் செயற்குழு கருதவில்லை.

தில்லி, சென்னைத் தீர்ப்புகளின் முரண்பாட்டை உச்ச நீதிமன்றம் விரைந்து தீர்க்க வேண்டும். சென்னைத் தீர்ப்பே சட்டத்தின் சொற்களுக்கு உண்மையானது என்பது நமது கருத்து. நாடாளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவையும் திருத்தி நீதிபதியின் முன் ஒப்புதலையும், விசாரணைக்கு ஊறு இல்லாத நிலையில் சம்பந்தப்பட்டவருக்குப் பின்னறிவிப்பையும் கட்டாயமாக்க வேண்டும். தமிழ்நாடு அரசு தில்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாநில உள்துறைச் செயலர் ஆண்டுதோறும் பிறப்பிக்கும் ஆணைகளின் எண்ணிக்கையையும், மறுஆய்வுக் குழு எத்தனை முறை கூடி எத்தனையை ரத்து செய்தது என்பதையும் சட்டமன்றத்தில் வைப்பதற்கு எந்த மத்தியச் சட்டமும் தடையாக இருப்பதாக நாங்கள் அறியவில்லை. மாநில உரிமை பேசும் அரசு இதை முதலில் செய்து காட்ட வேண்டும். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இந்த அறிக்கையை நேரில் கொடுத்து, அந்த எண்ணிக்கையை அவையில் கேட்குமாறு வற்புறுத்த வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது.