தவில் எந்தப் பக்கம் இருக்கிறது?

தை பிறந்துவிட்டால் டெல்டாவில் மைக்செட்காரர்களுக்கும் ஒலிப்பதிவாளர்களுக்கும் ஆனி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. திருவையாற்று ஆராதனை, முகூர்த்தங்கள், குடமுழுக்கு, தேர், தெப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அதனால் மார்கழியிலேயே பலரும் கருவிகளைத் துடைத்துவைத்து, பழுதானதை மாற்றிவிடுவார்கள். அந்த நாட்களில் வாசகர்கள் நம்மிடம் அதிகம் கேட்பது ஹெட்போனைப் பற்றித்தான். விலை கைக்கு அடங்க வேண்டும், சவுண்ட்ஸ்டேஜ் அகலமாக இருக்க வேண்டும், பேஸ் மனசு நிறைய வேண்டும். எதை வாங்கலாம்?

ஒரு மாடல் பெயரைச் சொல்லிக் கேள்வியை முடித்துவிடலாம். ஆனால் நம் வேலை என்ன, அதை எங்கே செய்கிறோம் என்று பாராமல் சொல்லும் பெயர் யாருக்கும் உதவாது. சினிமாப் பாட்டைக் கேட்டு மகிழ்வதற்கு வாங்குபவருக்கும், நாகசுரக் கச்சேரியைப் பதிவு செய்து கலவை செய்பவருக்கும் ஒரே ஹெட்போன் பொருந்துவது அபூர்வம்.

முதலில் விலையைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்போன்களின் அலைவரிசை அளவீடுகளை அவற்றின் சில்லறை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அவர் கண்ட முடிவு. விலை கூடினால் உலோகச் சட்டம், நல்ல தோல், நீண்ட உழைப்பு, சில வேளைகளில் குறைந்த சிதைவு ஆகியவை கிடைக்கலாம். சுரங்களின் சமநிலையும் கூடவே கிடைத்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஐயாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு தொழில்காரர் தைரியமாக வாங்கலாம் என்பதே நம் கருத்து.

அடுத்து சவுண்ட்ஸ்டேஜ், அதாவது ஒலிமேடையின் அகலம். ஸ்பீக்கரில் கேட்கும்போது இடப்பக்கப் பெட்டியின் ஒலி வலக்காதுக்கும் சற்றுத் தாமதித்துப் போய்ச் சேர்கிறது. தலையின் நிழலும் காதுமடலின் மடிப்புகளும் அந்த ஒலியை மாற்றுகின்றன. அந்த மாற்றங்களை வைத்துத்தான் எந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை மூளை கணிக்கிறது. ஹெட்போனில் இட ஒலி இடக்காதுக்கு மட்டும், வல ஒலி வலக்காதுக்கு மட்டும். அதனால்தான் பாட்டு நம் மண்டைக்குள்ளேயே நடப்பதுபோல இருக்கிறது. ஓப்பன் பேக் ஹெட்போன்களில் பின்புறம் அடைக்கப்படாததால் கிண்ணத்துக்குள் எதிரொலி குறைவு. டிரைவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி, சாய்த்துப் பொருத்தினால் காதுமடலும் தன் பங்கைச் செய்யும். சென்ஹைசர் நிறுவனம் 1968இல் எச்டி 414 என்ற முதல் ஓப்பன் பேக் ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த வகைக்கு இருக்கும் மதிப்பு இதனால் வந்தது.

ஆனால் நம் துறையில் பலர் அகலத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். மேல் அலைவரிசையைத் தூக்கி, நடுப்பகுதியைக் குழியாக்கினால் எல்லாமே தள்ளி நிற்பதுபோல ஒரு பிரமை உண்டாகும். பாடகர் பத்தடி பின்னால் போய்விடுவார். கலவை செய்பவருக்கு அது அகலம் அல்ல, மேடையின் நடுவில் விழுந்த ஓட்டை. நமக்கு வேண்டியது, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது தெளிவாகத் தெரிவது.

பூம்புகாரை அடுத்திருக்கும் நமக்கு இது புதிய எண்ணம் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு தரப்பட்டிருக்கிறது: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஒரு கோல் என்பது 24 விரல். அளவோடு நிற்காமல், கருவிகள் எந்த வரிசையில் ஒன்றையொன்று தொடர்ந்தன என்பதையும் இளங்கோ சொல்லிவிடுகிறார். குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை, அதன் பின்னே முழவு, முழவோடு சேர்ந்து ஆமந்திரிகை. ஒரு கருவி இன்னொன்றை மூடிவிடாமல், முன்னதற்கு இடம் விட்டு வரும் ஒழுங்கு அது. நாம் ஹெட்போனில் தேடுவதும் அந்த ஒழுங்கைத்தான்.

இனி பேஸ். இதில்தான் வாசகர்கள் அதிகம் குழம்புகிறார்கள்.

ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி இருவரும் பல ஆண்டுகள் நடத்திய கேட்புச் சோதனைகளில், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பதுபோல ஒலிக்கும் ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்பினார்கள். அறையில் கேட்கும் ஸ்பீக்கரின் கீழ்ச்சுரம் இயல்பாகவே சற்றுத் தூக்கலாக இருக்கும். ஆகவே ஹெட்போனிலும் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சில டெசிபல் ஏற்றம் காதுக்கு இதமாக இருக்கிறது. அதே சோதனைகளில் இளைஞர்களும் கேட்புப் பயிற்சி இல்லாதவர்களும் இன்னும் கூடுதல் பேஸ் கேட்டார்கள். ஆகவே நிறைவான பேஸை விரும்புவது ரசனைக் குறைவு என்று யாரும் கூச வேண்டியதில்லை. அளவு எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

நம்மிடம் அதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: தவில். பலா மரத்தில் குடைந்த உடல். வலந்தலையில் விரல்களில் கூடு மாட்டி வாசிப்பு, தொப்பியில் கழியால் அடி. வலந்தலையின் சொற்கள் கூர்மையாக, வெடிப்பாக வரும். தொப்பி கீழே கும்மென்று விழுந்து, உடனே அடங்கும். அந்த அடங்குதல் முக்கியம். நல்ல ஹெட்போனில் தொப்பி விழுந்ததும் கழி தோலில் பட்ட சத்தம் தனியாக, அதன் பின்னே வரும் கனம் தனியாகக் கேட்கும். 150 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை வீங்கிய ஹெட்போனில் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'பொம்' என்று ஒரே சதையாகிவிடும். அடுத்த அடி வரும்வரை அது தேங்கி நின்று தாளத்தை மூடும், சுருதிப்பெட்டியை மூடும், நாகசுரத்தின் கீழ்ஸ்தாயியையும் மூடும். உயர்ந்த சுருதியுள்ள திமிரியின் காலம் போய்த் தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாகசுரம் நிலைத்தபின் அந்தக் கீழ்ஸ்தாயிக்குத் தனி அழகு உண்டு. நாகசுர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் உழைத்து உருவாக்கிய நாதம் அது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கருவியின் அடிக்குரலை ஒரு வீங்கிய ஹெட்போனை நம்பி நாம் வெட்டிவிடக் கூடாது. ஆம், வெட்டிவிடுவோம். ஹெட்போனில் பேஸ் அதிகமாகக் கேட்டால் கை தானாக ஈக்யூவைக் குறைக்கும். பதிவு வெளியே போகும்போது தவில் தகர டப்பாவாகியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. ஓப்பன் பேக் ஹெட்போனில் டிரைவரின் முன்னலையும் பின்னலையும் கீழ்ச்சுரத்தில் ஒன்றையொன்று அழிப்பதால், மலிவான பல மாடல்களில் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிந்துவிடும். அகலத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. க்ளோஸ்டு பேக்கில் பேஸ் நன்றாக இறங்கும். ஆனால் பஞ்சு காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைத்தால்தான் அது நடக்கும். கண்ணாடியின் காம்பு சிறிது இடைவெளி விட்டாலே போதும், பேஸ் கசிந்துவிடும். கண்ணாடி அணியும் தொழில்காரர்கள் அதை அணிந்தபடியே கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

வெளிப்பதிவில் இந்த வேறுபாடு எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பூம்புகாரைவிட நல்ல இடம் இல்லை. ஆடிப்பெருக்கன்று காவிரி கடலில் கலக்கும் இடத்தில் காப்பரிசியும் மஞ்சள் கயிறுமாகப் பெண்கள் கூடியிருப்பார்கள். குரல்கள், தூரத்தில் மேளம், பின்னால் அலை, இவற்றோடு ஆடிக்காற்று. அங்கே ஓப்பன் பேக் போட்டால் கடலை இரண்டு முறை கேட்பீர்கள், மைக் வழியாக ஒருமுறை, நேராக ஒருமுறை. மைக்கில் எவ்வளவு விழுகிறது என்பது தெரியவே தெரியாது. க்ளோஸ்டு பேக்தான் வேண்டும். அதிலும் பேஸ் இல்லாத ஒன்றைப் போட்டால் இன்னொரு ஆபத்து. காற்று மைக்கின் திரையில் மோதும் உறுமல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கும். ஹெட்போன் அந்த இடத்துக்கு இறங்காவிட்டால் பதிவு சுத்தமாக இருப்பதாகவே தோன்றும். வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் போட்டதும் உறுமல் அறையை நிரப்பும், அதற்குள் பெண்களின் குரல் புதைந்திருக்கும். அந்த ஒரு நாளின் பாட்டை அடுத்த ஆடி வரை திரும்பப் பெற முடியாது. 40 ஹெர்ட்ஸ் வரை உண்மையைச் சொல்லும் ஹெட்போன் காதில் இருந்தால், அங்கேயே ரோமக் காற்றுறையை மாட்டி, லோ கட் போட்டு, மைக்கைத் திருப்பி வைத்திருக்கலாம். நிறைவான பேஸ் தொழிலுக்குத் தேவைப்படும் முதல் காரணம் இதுதான்.

ஆகவே நம் பரிந்துரை: முடிந்தால் இரண்டு வாங்குங்கள், பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் க்ளோஸ்டு பேக் வாங்குங்கள். ஆடியோ-டெக்னிக்காவின் ஏடிஎச்-எம்40எக்ஸ் கழற்றி மாட்டும் வயரோடு வருகிறது, 35 ஓம் என்பதால் எந்தக் கையடக்க ரெக்கார்டரும் ஓட்டும், பேஸ் வீங்காமல் இறங்குகிறது. 1991 முதல் உலகெங்கும் படப்பிடிப்புத் தளங்களில் உழைத்துவரும் சோனி எம்டிஆர்-7506இல் குறைகளைக் கண்டுபிடிப்பது எளிது. அதன் மேல்சுரம் கூர்மையானது, நாகசுரத்தை நீண்ட நேரம் கேட்டால் காது வலிக்கும், வயரைக் கழற்ற முடியாது. ஆனால் இரைச்சல், கரகரப்பு, வயர்க்கோளாறு எதுவும் அதன் காதிலிருந்து தப்பாது. வீட்டில் கலவை செய்ய, குறைந்த விலையில் அகலமான மேடை என்றால் பிலிப்ஸ் எஸ்எச்பி9500 இன்றும் நல்ல தேர்வு. அதன் பேஸ் மெலிந்தது, தொப்பியின் கனத்தை அதில் தீர்மானிக்க வேண்டாம். ஏகேஜி கே240 ஸ்டுடியோ பாதி திறந்தது, நடுப்பகுதி நேர்மையானது, வாய்ப்பாட்டுக்கு நன்றாக ஒத்துவரும். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் சென்ஹைசர் எச்டி 560எஸ். அதில் டிரைவர்கள் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கின்றன, ஓப்பன் பேக்காக இருந்தும் கீழ்ச்சுரம் நன்றாக இறங்குகிறது. மேடையும் பேஸும் ஒன்றிலேயே வேண்டும் என்பவர்களுக்கு இந்த விலை வட்டத்தில் நாம் சொல்லக்கூடியது அதுதான். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ அகலமானது, பேஸும் தூக்கலானது. ஆனால் 8 கிலோஹெர்ட்ஸ் அருகே அதன் மேல்சுரம் பாய்கிறது, 250 ஓம் வகையை ரெக்கார்டரால் ஓட்டவும் முடியாது. மேல்சுரத்தின் பாய்ச்சல் தாளம் அடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

ப்ளூடூத் வேண்டாம். தாமதம் ஒன்றே போதும் அதை ஒதுக்க.

எதை வாங்கினாலும் கடையில் ஓடும் டெமோ பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் பதிவையே எடுத்துப் போங்கள். மேடைக்கு முன்னால் 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம் என்று ஓஆர்டிஎஃப் முறையில் இரண்டு மைக் வைத்து எடுத்த தனியாவர்த்தனம் ஒன்று இருந்தால் மிக நல்லது. நடுவில் இரண்டு நாகசுரம், இருபுறமும் தவில். அன்று யார் எந்தப் பக்கம் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தவிலையும் விரலால் சுட்டிப் பாருங்கள். இரண்டு தொப்பிகளும் இரண்டு இடத்தில் கேட்டால் அந்த ஹெட்போன் தேறியது. இரண்டும் தலைக்குள் ஒரே இடத்தில் மோதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹெட்போனில் அகலமாகக் கேட்டுவிட்டது என்பதற்காகக் கலவை முடிந்ததென்று நினைக்கக் கூடாது. நம் ஊர்க் கோயில் விழாக்களில் பெரும்பாலான ஒலியமைப்பு மோனோதான். கைப்பேசியில் கேட்பவரும் ஏறத்தாழ மோனோவில்தான் கேட்கிறார். ஹெட்போனில் விரித்துப் போட்ட எதிரொலி மோனோவில் சேரும்போது பாதி அழிந்துபோகும். சில வேளை தவிலே மெலிந்துவிடும். மோனோ பொத்தானை அழுத்தி ஒருமுறை கேட்காமல் எந்தக் கோப்பையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கடைசியாகப் பராமரிப்பும் காதும். நம் புழுக்கத்திலும் கடலோர உப்புக்காற்றிலும் செயற்கைத் தோல் பஞ்சு சீக்கிரமே உரிந்து, காதைச் சுற்றிக் கறுப்புத் துகளாக ஒட்டும். அப்போது அடைப்பு போகும், அடைப்போடு பேஸும் போகும். முடிந்தவரை பஞ்சும் வயரும் தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பழைய ஹெட்போனில் பேஸ் குறைந்துவிட்டது என்று புதியது தேடுபவர்கள் முதலில் பஞ்சை மாற்றிப் பார்க்க வேண்டும், பாதிப் பேருக்குச் செலவு அங்கேயே முடிந்துவிடும். தவிலுக்குப் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்யும்போது வெளிச்சத்தத்தை வெல்ல ஹெட்போனின் ஒலியை ஏற்றிக்கொண்டே போவது நம் எல்லோரிடமும் உள்ள பழக்கம். அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷ் வகுத்த வரம்பின்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபலில் 1 மணி நேரம்தான். போன காது எந்த விலைக்கும் திரும்பாது.

மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் ஒலிக்கருவிக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓப்பன் பேக்கில் ஒன்று, க்ளோஸ்டு பேக்கில் ஒன்று என இரண்டை மட்டுமாவது பெட்டியிலிருந்து எடுத்து, கேட்டுப் பார்க்க மேசைமேல் வையுங்கள். தவில் பதிவோடு வரும் தொழில்காரரைப் பத்து நிமிடம் உட்காரவிடுங்கள். அவர் கேட்டு வாங்கினால் திருப்பிக் கொண்டுவர மாட்டார்.