வயற்கருவிகளின் திறவுகோலைப் புதுப்பித்தல்

மண்ணின் ஈரத்தை அறிவிக்கும் சிறு கருவிகளும், கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவிகளும் இப்பொழுது நிலமுடையோர் பலருக்குப் பழக்கமாகி வருகின்றன. வாங்குவோர் விலையை விசாரிக்கின்றனர். பாட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதையும் விசாரிக்கின்றனர். ஆனால், கருவி அனுப்பும் செய்தியைப் பூட்டிக் காக்கும் இரகசியத் திறவுகோல் எப்பொழுது மாற்றப்படும் என்று கேட்போர் அரியர். இக்கேள்விக்கு விடை பெறாமல் பணம் கொடுத்தல் தகாது என்பதே நமது அபிப்பிராயம்.

திறவுகோல் என்று இங்கே கூறுவது இரும்பாலானதன்று. கருவியும் அதன் செய்தியைப் பெறும் சர்வரும் மாத்திரம் அறிந்த ஒரு நீண்ட எண்ணே அது. அயலார் செய்தியைப் படிக்காமலும், பொய்ச் செய்தியை மெய்போல் நுழைக்காமலும் அது காக்கிறது. "என் நிலத்தின் ஈரத்தை ஒருவன் அறிந்தால் எனக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் வினவலாம். அறிவதால் வரும் நஷ்டம் சொற்பமே. ஆனால் ஈரமானியின் திறவுகோல் கைப்பட்டவன், நனைந்த நிலத்தைக் காய்ந்த நிலமென்று அறிவிக்கலாம். மோட்டாரின் திறவுகோல் கைப்பட்டவன், நீரற்ற கிணற்றில் அதை ஓடவிட்டுக் கெடுக்கலாம்.

திறவுகோலைப் புதுப்பிக்க வேண்டுவது ஏன்? அளவுக்கு மிஞ்சி உபயோகித்தால் பூட்டு தளரும் என்பது ஒரு காரணம். 1997ல் வெளியான 'வெப்' என்னும் வை-பை பாதுகாப்பு முறையில், செய்திக்குச் செய்தி மாறவேண்டிய எண் 24 பிட்டு அளவினதே. 1,67,77,216 எண்கள் தீர்ந்தபின் பழைய எண்ணே திரும்பி வந்தாக வேண்டும். 2001ல் அம்முறையின் வேறொரு குறையால் திறவுகோலையே கண்டுபிடிக்கும் வழியும் வெளியாயிற்று. இக்காலத்து முறைகளில் இவ்வச்சம் குறைவு. 2018ல் வெளியான டி.எல்.எஸ். 1.3 விதிகளின்படி, 'ஏ.இ.எஸ். - ஜி.சி.எம்.' என்னும் பூட்டில் ஒரு திறவுகோலால் சுமார் 2.4 கோடி பெரிய செய்திகளை அனுப்பலாம். கால்மணிக்கு ஒருமுறை பேசும் ஈரமானி வருஷத்திற்கு 35,040 செய்திகளே அனுப்பும். அவ்வெல்லையை எட்ட 680 வருஷத்திற்கு மேல் ஆகும். ஆகவே வயலில் உள்ள காரணம் வேறு. இரவும் பகலும் காவலின்றி நிற்கும் கருவியை எவனும் பிரித்துத் திறவுகோலைப் படியெடுத்து, மீண்டும் மூடி வைத்துவிடலாம். திறவுகோல் மாறாதிருக்குமாயின், அன்று எடுத்த படி கருவியின் ஆயுள் முழுதும் அவனுக்குப் பயன்படும்.

நிற்க. புதுப்பித்தலுக்கும் மின்செலவு உண்டு. இருவர் பிறர் கேட்கும்படி பேசியே ஒரு இரகசிய எண்ணைப் புதிதாக உண்டாக்கும் வழியை டிஃபி, ஹெல்மன் என்னும் அறிஞர் இருவர் 1976ல் வெளியிட்டனர். அதனுடன் சான்றிதழ்களும் சேர்ந்தால், பரிமாறும் செய்தி ஆயிரம் பைட்டையும் கடப்பதுண்டு. அதனால் வியாபாரிகளில் சிலர், தொழிற்சாலையில் இட்ட திறவுகோலை மாற்றாமலே விட்டு, பாட்டரி நெடுநாள் உழைப்பதாகப் பெருமை பேசுகின்றனர். இது விதை நெல்லை உண்டு பசியாறுவது போலாம்.

செலவைச் சுருக்க வழிகள் உள. முதலாவது, பழைய எண்ணை ஒருவழிக் கணக்கில் இட்டுப் புதிய எண்ணை வருவித்தல். டி.எல்.எஸ். 1.3லும், 2022ல் வெளியான டி.டி.எல்.எஸ். 1.3லும் இவ்வழி உண்டு. செலவு மிகக் குறைவு. ஆனால் இன்றைய எண்ணைத் திருடியவன் அதே கணக்கைப் போட்டு நாளைய எண்ணையும் அறிவான். ஆகவே இஃது ஒன்றே போதாது. இரண்டாவது, 2024ல் விதியாக்கப்பட்ட 'எட்ஹாக்' என்னும் முறை. இருதரப்பும் ஒன்றன் அடையாளத்தை மற்றொன்று முன்பே அறிந்திருப்பின், மூன்று செய்திகளில், மிகச் சுருங்கிய அளவில் 101 பைட்டுகளில், முற்றிலும் புதிய எண் கிடைக்கும். மூன்றாவது, 2022ல் விதியான இணைப்பு அடையாள எண். கருவி உறங்கி விழிக்கையில் அதன் வலை விலாசம் மாறியிருந்தாலும், முழு அறிமுகத்தை மறுபடி தொடங்காமல் விட்ட இடத்திலிருந்தே பேச இது உதவும்.

கணக்கைப் பார்ப்போம். ஈரமானியின் செய்தி ஒன்று 20 பைட்டு எனக் கொண்டால், வருஷத்திற்கு 7,00,800 பைட்டு ஆகும். வாரம் ஒருமுறை 101 பைட்டில் புதுப்பிக்க 5,252 பைட்டு ஆகும். அதாவது நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. கணக்கிடும் மின்செலவு தனியே உண்டெனினும், வாரம் ஒருமுறை என்பதால் அது பாரமாகாது. ஆகவே தினந்தோறும் எளிய மாற்றமும், வாரந்தோறும் முழுப் புதுமையும் செய்வதே சிறந்த முறையென்று கருதுகிறோம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஊரிலுள்ள கருவிகள் யாவும் ஒரே நாழிகையில் புதுப்பிக்க முயன்றால் ரேடியோ வழி அடைபடும். வாய்க்கால் நீருக்கு முறை வைப்பதுபோல் இதற்கும் முறை வைத்தல் வேண்டும். அன்றியும், புதிய எண் சேர்ந்ததென்று இருதரப்பும் உறுதி செய்யும்வரை பழையதை அழித்தலாகாது. அழித்தால் நீர் பாய்ச்ச வேண்டிய சமயத்தில் மோட்டார் உடையவருக்கே கீழ்ப்படியாது நிற்கும்.

கருவியின் நிரந்தர அடையாளமே களவு போயின், எத்துணை புதுப்பித்தும் பயனில்லை. சர்வரிலிருந்து அக்கருவியை நீக்குதலே பரிகாரம். ஆகையால் கிராம அதிகாரிகள் பொதுக் கருவிகளுக்கு ஒரு பதிவேடு வைத்து, கருவி எண், சர்வே எண், நாட்டிய தேதி, கடைசியாகப் புதுப்பித்த தேதி ஆகியவற்றைக் குறித்து வருதல் நலம். காணாமற்போன கருவியை அன்றே நீக்கச் செய்தலும் அவர்கள் கடமையாகும்.

வாங்குவோர் கேட்க வேண்டியவை மூன்று: கருவிதோறும் திறவுகோல் வேறா? எத்தனை நாளைக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாகிறது? நிரந்தர அடையாளம் படியெடுக்க முடியாத சில்லில் உள்ளதா? இவற்றின் விடையை எழுத்தில் பெற்ற பின்னரே கொள்முதல் செய்வீர்களாக. பாட்டரி தீர்ந்தால் வேறு வாங்கலாம். பொய்ச் செய்தியால் கெட்ட ஒரு போகத்தைத் திரும்ப வாங்குதல் இயலாது.