கயிற்றில் கட்டிய விஞ்ஞானம்

கட்டுமரம் என்றால் படிப்பறியாத ஜனங்களின் மிதவை என்று எண்ணுகிறவர்கள் படித்தவர்களிடையே இன்றும் உண்டு. இரும்பில் செய்தால் விஞ்ஞானம், கயிற்றில் கட்டினால் அறியாமை என்பது அவர்கள் போடும் கணக்கு. கடலின் சரித்திரம் இந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறது.

முதலில் ஐரோப்பாவையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நார்வே, டென்மார்க் கரைகளிலிருந்து கிளம்பிய வைக்கிங் மக்கள் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டினார்கள். கொலம்பஸுக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வட அமெரிக்காவில் கால் வைத்தார்கள். அவர்களுடைய கப்பல் ஒன்று 1880-ல் நார்வேயில் கொக்ஸ்டாட் என்னுமிடத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. நீளம் சுமார் 23 மீட்டர்; பக்கத்திற்குப் பதினாறு துடுப்புகள். பலகை மேல் பலகை ஏற்றி இரும்பு ரிவிட் அடித்திருக்கிறார்கள். ஆனால் அடிப் பலகைகளைக் குறுக்குச் சட்டங்களோடு பிணைத்தது எது? மரத்தின் வேர்! கயிறு போல வேரால் கட்டியிருந்தார்கள். அலை வந்தால் கப்பல் எதிர்த்து முறியாது, வளைந்து கொடுக்கும். 1893-ல் இதே மாதிரியில் ஒரு கப்பல் கட்டி அமெரிக்காவுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். அலைக்குத் தக்கபடி அதன் உடல் நெளிந்தது. பத்திரமாகக் கரை சேர்ந்தது.

மில் தோழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கப்பல்களின் பாய் ஆட்டு ரோமத்தில் நெய்தது. பெண்கள் கையால் நூற்று நெய்த அந்தப் பாய்க்குப் பிடித்த உழைப்பு, கப்பலின் உடலைக் கட்டப் பிடித்த உழைப்புக்குக் குறைந்ததல்ல. கொள்ளையிட்ட தலைவன் பெயர் கதையில் நிற்கிறது. நூற்றவள் பெயர் எதிலும் இல்லை.

இனி நம் கரைக்கு வருவோம். 1639-ல் வெள்ளைக்காரக் கம்பெனி இடம் பிடித்த சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிடும். நடுவே ஆளை விழுங்கும் கரையலை. கம்பெனியின் படகுகள் அந்த அலையில் நொறுங்கின. நம்மவரின் மசூலாப் படகு மட்டும் தாண்டியது. பலகைகளில் துளையிட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. ஆணியும் இல்லை, உள்ளே குறுக்குச் சட்டமும் இல்லை. மணலில் மோதினாலும் நெளியுமே தவிர உடையாது. நார்வேக்காரன் வேரில் கண்டதை நம் படகுக்காரன் நாரில் கண்டான். கொந்தளிப்பு மிகுந்து மசூலாவும் போக முடியாத நாளில் கட்டுமரக்காரர்களே கப்பலுக்குக் கடிதம் கொண்டு போனார்கள்.

ஏறத்தாழ 240 ஆண்டுகள் சென்னையின் வியாபாரம் முழுவதும் இந்தப் படகோட்டிகளின் தோளில்தான் நடந்தது. இறங்கிய துரையும், ஏறிய துணி மூட்டையும் அவர்கள் துடுப்பில்தான் கடந்தன. இராயபுரத்தில் புனித பேதுரு கோயிலை எழுப்பியவர்களும் அவர்களே.

கைம்மாறு என்ன கிடைத்தது? 1861-ல் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. 1875-ல் துறைமுகத்திற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். 1881-ல் புயல் அதன் சுவர்களை உடைத்தது; மறுபடி கட்டினார்கள். தெற்கேயிருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர் தடுத்துவிட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. படகு ஏற்றி வலை உலர்த்திய மணல் போய், இன்று கருங்கல் குவியல் கிடக்கிறது. துறைமுகம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆயிரமாயிரம் தொழிலாளிகளுக்கு அது சோறு போடுகிறது. லாபம் ஒரு பக்கம், நஷ்டம் மறு பக்கம் என்று பிரித்த அநியாயத்தைத்தான் சொல்கிறோம்.

2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படை 'கௌண்டின்யா' என்ற கப்பலைச் சேர்த்துக்கொண்டது. அஜந்தா ஓவியத்தைப் பார்த்து, கேரளத்துக் கைவினைஞர்கள் நார்க் கயிற்றால் தைத்த கப்பல்! மகிழ்ச்சிதான். ஆனால் தைத்த கப்பலுக்கு மாலை போடும் சர்க்கார், தைக்கத் தெரிந்தவனின் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது?

மணலி புதுநகரை ஒட்டி ஓடும் கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையில் ஒதுங்கியபோது, அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தையே மூடியது. வலையும் படகும் கறுத்தன. மீனவனின் அடுப்பு அணைந்தது.

ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல. இந்தக் கரையில் சுவர் எழுப்பும் முன்னும், கழிமுகத்தில் மண் கொட்டும் முன்னும், அலையின் போக்கை அறிந்த மீனவரைக் கேட்க வேண்டும். அவர்கள் சம்மதமின்றி ஒரு கல்லும் விழக்கூடாது. ஆலைத் தொழிலாளியும் மீனவரும் எதிரெதிர் அணி என்று சொல்பவன் நம் இருவருக்கும் பகைவன். ஒரே ஆற்றங்கரையில் ஒரே காற்றைச் சுவாசிப்பவர்கள் நாம். தனித்தனிப் பலகையாக நின்றால் அலை அடித்துப் போகும். சேர்த்துத் தைத்தால் எந்த அலையையும் தாண்டலாம்.