கோணல் டி-ஷர்ட்டும் இருபது நிமிடக் கஞ்சத்தனமும்

மார்ச் மாதம் நெருங்கினால் போதும், கல்லூரிகளில் இறுதியாண்டு வகுப்புகள் எல்லாம் டி-ஷர்ட் அடிக்கக் கிளம்பிவிடும். முன்பக்கம் துறையின் பெயரும் வருடமும். பின்பக்கம் அவரவர் பெயர், கீழே ஒரு எண். கிரிக்கெட்காரர்கள் மாதிரி. (டெஸ்ட் மேட்சின் வெள்ளைச் சட்டையிலேயே 2019 ஆஷஸ் தொடரில் பெயரும் எண்ணும் வந்துவிட்டன, பி.காம். வகுப்புக்கு மட்டும் வேண்டாமா என்ன?) ரெப் ஆளுக்கு 300 ரூபாய் வசூல் செய்து, கொடுக்காதவனை மூன்று நாள் துரத்திப் பிடித்து, ஸ்டிக்கர் கட்டிங் கடையில் கொண்டுபோய்க் கட்டுவார். ஃபேர்வெல்லுக்கு முந்தின நாள் ராத்திரி மூட்டை வந்து சேரும். பிரித்துப் பார்த்தால்...

பாதிப் பேர் முதுகில் பெயர் இடது தோளை நோக்கி மலையேறிக்கொண்டிருக்கும். ஒருவனுக்கு எண் இடுப்பில் இறங்கியிருக்கும். 'கார்த்திக்' தன் மூன்று புள்ளிகளையும் தொலைத்துவிட்டு 'காரததிக' ஆகியிருப்பான். சரி, ஒருநாள் கூத்துதானே என்று போட்டோ எடுத்து முடித்தால், நாலாவது துவைப்பில் எழுத்தின் ஓரமெல்லாம் காய்ந்த சருகு மாதிரி சுருண்டு எழும்பும்.

கடையில் போய்க் கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கும்.

"வினைல்னா அப்படித்தான் தம்பி."

"நீங்க குடுத்த துணி சரியில்ல."

"துவைச்ச விதம் தப்பு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நேராகத்தான் இருக்கிறது. ஒட்டியதுதான் கோணல்.

இந்த மூன்று பதில்களும் பெரும்பாலும் சாக்குகள். ஒழுங்காக ஒட்டிய நல்ல வினைல் பல பத்து துவைப்புகளைத் தாங்கும். நாலே துவைப்பில் உரிகிறது என்றால், ஒட்டும்போது யாரோ ஒரு அரை நிமிடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். டி-ஷர்ட்டில் ஒட்டும் வினைல் என்பது ஒரு மெல்லிய பாலியூரித்தேன் படலம். அதன் ஒரு பக்கம் சூடுபட்டால் உருகும் பசை, இன்னொரு பக்கம் அதைத் தாங்கும் கண்ணாடி மாதிரியான தாள். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, பசைப் பக்கத்திலிருந்து கட்டிங் மெஷின் வெட்டும். தாள் வெட்டுப்படாது, படலம் மட்டும் வெட்டுப்படும். வேண்டாத பகுதியை ஊசிமுனைக் கருவியால் கிளறி உரித்து எடுத்தால், தாளில் எழுத்து மட்டும் நிற்கும். அதைத் துணிமேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் 150 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் 10 முதல் 15 விநாடி அழுத்த வேண்டும். பசை உருகி நூலிழைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு தாளை உரித்து எடுத்துவிடலாம். சில வகை வினைலில் சூட்டோடு உரிக்க வேண்டும், சிலவற்றில் ஆறவிட்டு உரிக்க வேண்டும். எது என்று கம்பெனிக்காரனே குறிப்பில் எழுதிக் கொடுத்திருப்பான். வாசிக்கத்தான் ஆள் இல்லை.

நாற்பது பேருக்கு நாற்பது பெயர் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு பெயருக்கும் தனி ஸ்கிரீன் செய்ய முடியுமா? அதனால் வினைல் வந்தது சரிதான். தொழில்நுட்பத்தின் மேல் குற்றமே இல்லை. குற்றம் எங்கே என்றால், கீழே வரும் நான்கு இடங்களில்.

ஒன்று, நடு.

பெரும்பாலான கடைகளில் நடு என்பது கண் அளவு. "எத்தனை வருஷமா ஒட்டறோம், கண்ணே ஸ்கேல்" என்பார்கள். அந்தக் கண்ணுக்கு முன்னால் 150 டிகிரி சூட்டில் ஒரு இரும்புத் தட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கையைச் சுட்டுக்கொள்ளாமல் எடுக்கத்தான் அந்தப் பையன் பார்ப்பானே தவிர, கால் அங்குலக் கோணலைப் பார்க்க மாட்டான். கழுத்து லேபிளைப் பார்த்து நடு பிடிப்பதும் உதவாது. லேபிளே ஓரமாகத் தைக்கப்பட்டிருக்கலாம். பக்கத் தையலையும் நம்ப முடியாது. பனியன் துணி, அதாவது சிங்கிள் ஜெர்சி, துவைத்ததும் முறுக்கிக்கொள்ளும் குணம் உள்ளது. பக்கத் தையல் முன்பக்கமாக நகர்ந்து வருவதை எல்லோரும் தங்கள் பழைய பனியனில் பார்த்திருப்பார்கள்.

சரியான வழி குழந்தைக்கும் தெரிந்த வழி. இரண்டு தோளையும் கையிடுக்குத் தையலையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, சட்டையைச் சரிபாதியாக மடித்துக் கையால் நீவினால் நடுவில் ஒரு கோடு விழும். டிசைன் தாளிலும் நடுவில் ஒரு குறி. கோட்டில் குறியை வைத்து, காலர் தையலிலிருந்து சுமார் மூன்று அங்குலம் அளந்து இறக்கி வைத்தால் முடிந்தது. துணியை மெஷினில் விரிக்கும்போது இழுக்கக் கூடாது, சும்மா படுக்கப் போட வேண்டும். இழுத்த நிலையில் ஒட்டினால், துணி பழைய நிலைக்குத் திரும்பும்போது எழுத்து சுருங்கி நிற்கும். இவ்வளவுக்கும் சேர்த்து 15 விநாடி ஆகும்.

இரண்டு, முன்சூடு.

உலர்ந்த பருத்தி என்று ஒன்று சாதாரண அறையில் கிடையாது. கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் துணியிலும் எடையில் சுமார் 7, 8 சதவீதம் ஈரம் இருக்கும். மேலே வினைலை வைத்து நேரடியாகச் சூடேற்றினால் அந்த ஈரம் ஆவியாகி, பசைக்கும் நூலுக்கும் நடுவே புகுந்து கெடுக்கும். அதனால்தான் வினைல் வைக்கும் முன்பு வெறும் துணியை 5 விநாடி அழுத்தி எடுக்கச் சொல்கிறார்கள். சுருக்கமும் போய்விடும். நேரமில்லை என்றதும் முதலில் பலியாவது இந்த ஐந்து விநாடிதான்.

மூன்று, மறுசூடு.

தாளை உரித்த பிறகு மேலே டெஃப்லான் ஷீட் போட்டு இன்னொரு முறை சில விநாடி அழுத்தினால் எழுத்தின் ஓரங்கள் நன்றாகப் பதியும். ஓரம் எழும்பினால்தானே உரிய ஆரம்பிக்கும்? இதற்கு ஒரு 10 விநாடி. இதையும் செய்வதில்லை. இன்னொரு கூத்து உண்டு. காலர், தையல், ஜிப் போன்ற தடித்த இடங்கள் தட்டுக்குள் மாட்டிக்கொண்டால், மேல்தட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடும். எழுத்துக்கு அழுத்தமே போகாது. கடிகாரம் 15 விநாடி முடிந்தது என்று கத்தும், பசையோ இன்னும் முழுதாகப் பதிந்திருக்காது. தடித்த பகுதியைத் தட்டுக்கு வெளியே தொங்கவிட்டால் தீர்ந்தது.

நான்கு, புள்ளி.

இது தமிழில் பெயர் போடுகிறவர்களுக்கே உரிய தலைவலி. மெய்யெழுத்தின் புள்ளி ஒரு தனித்தீவு. எழுத்தோடு ஒட்டாமல் மேலே மிதக்கும். வேண்டாத பகுதியை உரிக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும், குப்பைக்குப் போய்விடும். தப்பித்து ஒட்டினாலும், அவ்வளவு சின்னப் பரப்பில் பசை எவ்வளவு பிடிக்கும்? முதல் துவைப்பிலேயே போகிற முதல் ஆள் புள்ளிதான். பிறகு 'கண்ணன்' என்பது 'கணணன' தான். செய்ய வேண்டியது தடித்த எழுத்துருவைத் தேர்ந்து, புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி வெட்டுவது. இன்னொன்றும் உண்டு. 'முருகு' கீழே இறங்கும், 'கவின்' மேலே ஏறும். மென்பொருள் மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டு நடுவில் வைத்தால், ஒருவன் பெயர் ஏறியும் இன்னொருவன் பெயர் இறங்கியும் நிற்கும். வரிசையாக நின்று போட்டோ எடுக்கும்போது பல் விழுந்த சீப்பு மாதிரி இருக்கும். எழுத்தின் அடிக்கோட்டை வைத்துத்தான் எல்லாப் பெயரையும் ஒரே உயரத்தில் நிறுத்த வேண்டும்.

இப்போது கடைக்காரரின் சாக்குகளுக்கு வரலாம். துணிமேல் பழி போடுவதில் ஒரு இடத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எழுத்து ஒட்டினால் சில நாளில் அது ரோஸ் நிறமாகிவிடும். சூட்டில் பாலியஸ்டரின் சாயம் கிளம்பி வினைலுக்குள் ஏறுவதால் வரும் வினை அது. ஆனால் அதற்கும் குறைந்த சூட்டில் ஒட்டும் வினைல் இருக்கிறது, சாயத்தைத் தடுக்கும் வினைல் இருக்கிறது. எந்தத் துணிக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டியது காசு வாங்குகிறவரா, காசு கொடுக்கிறவரா?

துவைப்பதும் அப்படித்தான். ஒட்டிய பிறகு 24 மணி நேரம் தண்ணீரில் போடக் கூடாது, உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் துவைக்க வேண்டும், ப்ளீச் ஆகாது, எழுத்தின்மேல் நேராக இஸ்திரி போடக் கூடாது. சரி. இதை எந்தக் கடை ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கொடுக்கிறது? சொல்லாத விதியை மீறியதாக ஒருவன்மேல் எப்படிக் குற்றம் சாட்டுவது?

இனி கொஞ்சம் காஸ்ட் அக்கவுண்டிங். நடு மடிப்புக்கு 15 விநாடி, முன்சூட்டுக்கு 5, மறுசூட்டுக்கு 10. ஆக மொத்தம் 30 விநாடி. நாற்பது சட்டைக்கு 20 நிமிடம். பிரஸ்ஸில் நிற்பவருக்கு மணிக்கு 100 ரூபாய் கூலி என்றே வைத்துக்கொண்டாலும், இருபது நிமிடத்துக்கு 33 ரூபாய் சில்லறை. சட்டைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. மறுபக்கம், வெற்றுச் சட்டை 200 ரூபாய், வினைல் 50 ரூபாய் என்று வைத்தால், கோணலாகப் போன இரண்டே இரண்டு சட்டைக்கு நட்டம் 500 ரூபாய். வினைலை ஒருமுறை ஒட்டிவிட்டால் தடம் தெரியாமல் எடுப்பது லேசான காரியம் இல்லை. எழுத்து மட்டும் வீணாகவில்லை, முழுச் சட்டையும் வீண். 33 ரூபாயை மிச்சம் பிடித்து 500 ரூபாயை விடுவதற்கு எந்த பாடப்புத்தகத்திலும் லாபம் என்று பெயர் இல்லை.

"சீசன் நேரத்தில் ஒரு ராத்திரிக்கு 300 சட்டை வருகிறது, அரை நிமிடம் கூட்டினால் இரண்டரை மணி நேரம் ஆகும்" என்று கடைக்காரர் சொல்லலாம். உண்மையான கஷ்டம்தான். அப்படியானால் 300 எடுக்காமல் 250 எடுக்கலாம். அல்லது சட்டைக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்கலாம். இரண்டையும் செய்யாமல் அரை நிமிடத்தைத் திருடுவதுதான் தவறு. அதிலும் கொடுமை, கெட்டுப்போன சட்டையின் விலையைப் பிரஸ்ஸில் நின்ற பையனின் சம்பளத்தில் பிடிப்பது. விடிய விடிய சூட்டுத் தட்டுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு, ஸ்கேல்கூட வாங்கித் தராமல், கோணல் அவன் கையில் இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

இதில் மாணவர்களும் உத்தமர்கள் இல்லை. பத்து ரூபாய் குறைப்பதற்காக ஆறு கடை ஏறி இறங்குவது, பெயர்ப் பட்டியலை முந்தின நாள் மாலை வரை திருத்திக்கொண்டே இருப்பது, "அண்ணா, நாளைக்குக் காலைல வேணும்ணா" என்று கெஞ்சுவது, எல்லாம் இந்தப் பக்கத்துக் கைங்கரியம். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது. அந்தப் பத்து ரூபாய் எங்கிருந்து குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. துணியின் விலை குறையாது, வினைலின் விலை குறையாது. குறைவது அந்த அரை நிமிடம்தான்.

"இப்போதுதான் டிடிஎஃப் வந்துவிட்டதே, வினைலே பழசு" என்று ஒரு கட்சி கிளம்பும். டிடிஎஃப் என்றால் படலத்தில் அச்சடித்து, பசைப்பொடி தூவி, துணிக்கு மாற்றுவது. பல வண்ணப் படம் போட அருமையான முறை. புள்ளி உரிந்து தொலையும் பிரச்சினையும் அதில் குறைவு. ஆனால் அதையும் கடைசியில் ஒரு மனிதர்தான் சட்டையின் நடுவில் வைத்து, ஹீட் பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். நடு பிடிக்காத கடைக்கு எந்த மெஷின் வந்தாலும் கோணல் கோணல்தான்.

ஆகவே அடுத்த மார்ச்சில் டி-ஷர்ட் அடிக்கப் போகும் வகுப்புகள் விலையைக் கேட்பதற்கு முன் மூன்று விஷயம் கேட்கட்டும். நடுக்கோடு மடித்துத்தான் ஒட்டுவீர்களா? முன்சூடும் மறுசூடும் உண்டா? முதலில் ஒரே ஒரு சட்டை ஒட்டிக் காட்டுவீர்களா? காட்டினால் அதை மடித்துப் பார்க்கட்டும், ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்க்கட்டும், புள்ளிகளை எண்ணிப் பார்க்கட்டும். நன்றாக இருந்தால் கேட்ட விலையோடு ஐந்து ரூபாய் சேர்த்தே கொடுக்கட்டும். நான்கு நாள் முன்னதாகவும் கொடுக்கட்டும்.

கல்லூரி முடிந்தபின் அந்தச் சட்டை இரவு உடையாகும், பிறகு வண்டி துடைக்கும் துணியாகும். அதெல்லாம் அதன் விதி. ஆனால் துணியாய்க் கிழியும் வரைக்கும் கார்த்திக் கார்த்திக்காகவே இருக்க வேண்டும். அவன் 300 ரூபாய் கொடுத்தது புள்ளிகளுக்கும் சேர்த்துத்தான்.