விமானத்துக்கு அனாமத்துக் கணக்கு கிடையாது

முதல்ல ஒரு சின்ன கணக்கு. காலையில் டேங்கில் 60 லிட்டர் பெட்ரோல். இன்ஜின் மணிக்கு 18 லிட்டர் குடிக்கும். 2 மணி நேரம் பறந்தாச்சு. அப்போ 36 லிட்டர் செலவு, 24 லிட்டர் மிச்சம் இருக்கணும். இறங்கி அளந்து பார்த்தா 17 தான் இருக்கு. அந்த 7 லிட்டர் எங்கே போச்சு?

பெரிய கம்பெனி விமானம்னா பதில் தேட இன்ஜினியர்கள் இருக்காங்க, கட்டுக்கட்டா மேனுவல் இருக்கு. வீட்டுல கட்டின குட்டி விமானம்னா? கட்டினவரே ஓனர், அவரே மெக்கானிக், பெரும்பாலும் அவரே பைலட்.

"வீட்டுல யாருப்பா விமானம் கட்டுறாங்க"ன்னு சிரிக்காதீங்க. நம்ம சென்னையிலேயே 1910-ல் மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் டி'ஏஞ்சலிஸ், தன்னோட டிசைனை சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்து விமானமா செய்ய வச்சு, பல்லாவரத்தில் பறந்து காட்டினார். மும்பையில் அமோல் யாதவ் வீட்டு மொட்டை மாடியில் கட்டின விமானத்துக்கு 2017-ல் டி.ஜி.சி.ஏ. பதிவு கிடைச்சது. கேரளாவின் சஜி தாமஸ், காது கேட்காது, பேச வராது. அவர் தானே செஞ்ச குட்டி விமானம் 2014-ல் நம்ம திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் பறந்தது.

பி.காம் படிக்கிற ஆளுக்கு விமான டேங்கில் என்ன வேலைன்னு கேட்டா, என் பதில் இதுதான்: காணாமப் போன பெட்ரோலைத் தேடுறது மெக்கானிக் வேலை ஆகுறதுக்கு முன்னாடி கணக்கு வேலை. ஸ்பேனரை எடுக்கும் முன் நோட்டை எடுக்கணும்.

ப்ளஸ் ஒன்னில் படிச்சது ஞாபகம் இருக்கா? இருப்பாய்வு ரெண்டு பக்கமும் ஒத்துவரலன்னா, வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டு அப்போதைக்கு சமன் பண்ணிடுவோம். தப்பைப் பிறகு நிதானமா தேடலாம். குட்டி விமானக்காரர்கள் கிட்டயும் இப்படி ஒரு அனாமத்துக் கணக்கு இருக்கு. அதுக்குப் பேர் "ஆவியாகியிருக்கும்". கூடவே "இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தி குடிச்சிருக்கும்", "கேஜ் சரியில்ல". மூணுமே உண்மையா இருக்கலாம். ஆனா அளந்து பார்க்காம சொன்னா, அது காரணம் இல்லை, அனாமத்து.

முதல்ல அளவையே சந்தேகப்படணும். 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767. எரிபொருள் கேஜ் வேலை செய்யல. குச்சி விட்டு அளந்தாங்க, 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோ ஆக்க சுமார் 0.8-ஆல் பெருக்கணும். அவங்க பெருக்கினது 1.77-ஆல். அது பவுண்டுக்கான எண்! 20,000 லிட்டருக்கு மேல ஊத்த வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் ஊத்திட்டுக் கிளம்பிட்டாங்க. நடுவானில் ரெண்டு இன்ஜினும் நின்னு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் சறுக்கிக்கிட்டே இறங்கினாங்க. 69 பேரும் பிழைச்சது அதிர்ஷ்டமும் பைலட்டுகளின் திறமையும். கவனிங்க, அங்கே ஒரு சொட்டு கூட ஒழுகல.

இதை நாம பெட்ரோல் பங்கிலேயே பார்க்கலாம். பைக் மைலேஜ் குறைஞ்சா ஒருத்தர் பங்கைத் திட்டுவார், ஒருத்தர் கார்புரேட்டரைத் திட்டுவார். பங்கில் 5 லிட்டர் அளவு கேன் இருக்கணும், கேட்டா அளந்து காட்டணும். 25 மில்லிக்கு மேல குறையக் கூடாது. அளந்துட்டா பாதி சண்டை அங்கேயே முடிஞ்சிடும். விமானத்திலும் அதேதான். காலி டேங்கில் 5, 5 லிட்டரா ஊத்தி, குச்சியில் ஒவ்வொரு தடவையும் கோடு போடணும். வால் சக்கரம் தரையில் இருக்கிற விமானம் மூக்கைத் தூக்கிக்கிட்டு நிற்கும். அந்த நிலையில் போட்ட கோடு அந்த நிலைக்கு மட்டும்தான் பொருந்தும். சரிவில் நிறுத்தினாலும் கணக்கு மாறும்.

அளவு சரின்னு தெரிஞ்ச பிறகு ரெண்டு புத்தகத்தை ஒத்துப் பார்க்கணும். ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் வச்சு சரிக்கட்டும் பட்டியல் போடுவோமே, அந்த மாதிரி. ஒரு புத்தகம், இன்ஜினுக்குப் போற குழாயில் இருக்கிற ஃப்ளோ மீட்டர். இன்னொன்னு, இறங்கினதும் பழைய கோடு வரைக்கும் திரும்ப நிரப்ப எத்தனை லிட்டர் ஆச்சு என்பது. மீட்டர் 43 சொல்லி நிரப்பினதும் 43 என்றால், பெட்ரோல் மீட்டரைத் தாண்டிதான் போயிருக்கு. இன்ஜின் அதிகமா குடிக்குது, இல்ல மீட்டருக்குப் பிறகு ஒழுகுது. மீட்டர் 36, நிரப்பினது 43 என்றால் 7 லிட்டர் மீட்டரை எட்டவே இல்லை. தேட வேண்டிய இடம் பாதியாயிடுச்சு பாருங்க. (கார்புரேட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் இருந்தா, திரும்புறதையும் அளந்து கழிக்கணும்.)

அப்புறம் பறக்காமலே ஒரு சோதனை. வால்வை மூடிட்டு ஒரு ராத்திரி நிறுத்தி, காலையில் அளக்கணும். அடுத்த ராத்திரி வால்வைத் திறந்து வச்சு அளக்கணும். திறந்தப்போ மட்டும் குறைஞ்சா ஓட்டை வால்வுக்கு அந்தப் பக்கம். ரெண்டு ராத்திரியும் குறையவே இல்லைன்னா, அது ஓடும்போது மட்டும் நடக்கிற கசிவு.

இந்த வகைதான் ரொம்ப ஏமாத்தும். இறக்கைக்கு மேல இருக்கிற டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தேய்ஞ்சிருந்தா தரையில் ஒண்ணுமே தெரியாது. பறக்கும்போது இறக்கைக்கு மேல காற்றழுத்தம் குறையும், மூடி வழியா பெட்ரோலை உறிஞ்சி எடுத்துடும். இறங்குறதுக்குள்ள காய்ஞ்சும் போயிடும். 100 எல்.எல். விமான பெட்ரோலுக்கு நீல நிறம் இருக்கிறதால கறை காட்டிக் கொடுக்கும். இன்னொன்னு, வலது டேங்கிலிருந்து எடுத்து மிச்சத்தை இடது டேங்குக்குத் திருப்பும் அமைப்பு. இடது ஏற்கெனவே நிறைஞ்சிருந்தா வெண்ட் குழாய் வழியா வெளியே கொட்டும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. பெட்ரோல் 10 டிகிரி சூடேறினா சுமார் 1 சதவீதம் விரியும். அதிகாலையில் 60 லிட்டரை விளிம்பு வரை நிரப்பி, வெப்பம் 15 டிகிரி ஏறினா, முக்கால் லிட்டருக்கு மேல வெண்ட் வழியா வெளியே வரும். ஆவடி வெயிலில் இது சர்வ சாதாரணம். பாருங்க, இதுதான் கணக்குப் போட்டுக் காட்டின இயல்பான இழப்பு. இதை ஒத்துக்கலாம். ஆனா இது ஒரு லிட்டரைத்தான் விளக்கும், ஏழை விளக்காது.

"சரி, கேஜ்தான் பொய் சொல்லுது"ன்னு முடிவு பண்றவங்களுக்கு 2001 ஆகஸ்ட் 24. டொரன்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் ஏர்பஸ் ஏ330. வலது இன்ஜினில் ஹைட்ராலிக் குழாய் எரிபொருள் குழாயோட உரசி ஓட்டை போட்டுடுச்சு. ரெண்டு பக்க டேங்கும் சமமா இல்லைன்னு எச்சரிக்கை வந்ததும், இடது பக்க எரிபொருளை வலது பக்கம் திறந்து விட்டாங்க. அதுவும் ஓட்டை வழியா அட்லான்டிக்கில் போச்சு. இவ்வளவு வேகமா குறையுமா, கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்னு நினைச்சாங்க. ரெண்டு இன்ஜினும் நின்ன பிறகு 19 நிமிஷம் சறுக்கி, அசோர்ஸ் தீவில் இறங்கி 306 பேரும் தப்பிச்சாங்க. ஆகவே தரையில் அளவைச் சந்தேகப்படுங்க. வானத்தில் கணக்கு உதைச்சா ஒழுகுதுன்னே எடுத்துக்கிட்டு பக்கத்துத் தளத்தில் இறங்கிடுங்க.

பாடகர் ஜான் டென்வருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா. வேறொருவர் வீட்டில் கட்டின லாங்-ஈஸி விமானம். டேங்க் மாத்தும் வால்வை வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காம, பைலட்டின் இடது தோளுக்குப் பின்னாடி வச்சிருந்தாங்க. எரிபொருள் பார்க்கும் கண்ணாடியில் அளவுக் கோடே இல்லை. கிளம்பும் முன் பெட்ரோல் போடல. திரும்பி வால்வைப் பிடிக்கப் போனப்போ கால் ரடரை அழுத்தி கட்டுப்பாடு போயிருக்கும் என்பது விசாரணையின் முடிவு. கோடு போடாத அந்தக் கண்ணாடி எனக்கு எழுதப்படாத பேரேடு மாதிரி தெரியுது.

"ஒண்ணு ரெண்டு லிட்டருக்கு இவ்வளவு அலட்டலா?"ன்னு கேட்கலாம். பைக்கில் பெட்ரோல் தீர்ந்தா அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் தள்ளிக்கிட்டே பங்குக்குப் போயிடலாம். மேலே தள்ள ரோடு இல்லை. அதுவும் இல்லாம, கசியுற பெட்ரோல் சூடான சைலன்சர் பக்கத்தில் கசியுதா, வெறும் காற்றில் கசியுதா என்பதை லிட்டர் கணக்கு சொல்லாது. ஒரு சொட்டும் தீப்பிடிக்கும்.

அதனால என் கருத்து ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு தடவையும் மூணு எண் எழுதணும்: கிளம்பும்போது இருந்தது, மீட்டர் சொன்னது, திரும்ப நிரப்பினது. ஒத்துவராத வித்தியாசத்துக்கு அளந்து நிரூபிச்ச காரணம் வேணும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தைத்தான் மாத்தணும், இல்லைன்னா எது குணமாச்சுன்னே தெரியாது. காரணம் கிடைக்கிற வரைக்கும் விமானம் ஷெட்டிலேயே இருக்கட்டும். வேற மாதிரி நினைக்கிறவங்க தாராளமா சண்டைக்கு வாங்க, ஆனா நோட்டோட வாங்க :)