ஏழு வயதுப் புரோகிதர்கள்!

திருமணப் பந்தலிலே புரோகிதர் மந்திரம் ஓதுகிறார். மணமகனுக்குப் பொருள் தெரியாது, மணமகளுக்கும் தெரியாது, பந்தலில் கூடியிருக்கும் ஐந்நூறு பேருக்கும் தெரியாது, பல வேளைகளில் ஓதுகிறவருக்கே தெரியாது. பொருள் தெரியாத ஒலிக்குப் பொருளைக் கொட்டிக் கொடுப்பதா என்று கேட்டோம். மேடை போட்டுக் கேட்டோம். நாடகம் நடத்திக் கேட்டோம். புரோகிதர் இல்லாமலே மணம் முடித்துக் காட்டினோம். 1967-இல் அண்ணாவின் ஆட்சி அந்தச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டமே இயற்றித் தந்தது.

அந்தப் புரோகிதர் எங்கே போனார்? தொலைவுக்குப் போகவில்லை, தோழர்களே! நம் வீட்டுக் கூடத்திலேயே நிற்கிறார். வயது ஏழு. மார்பிலே பூணூல் இல்லை. கழுத்திலே பட்டை தொங்குகிறது. படிப்பது இரண்டாம் வகுப்பு!

பெரம்பலூரில் தோழர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கூட்டமென்றால் முதல் ஆளாய்க் கொடி கட்டுகிறவர். சுவரிலே பெரியார் படம். அலமாரியிலே அண்ணாவின் நூல்கள். பேச்சுக்கு நடுவே மகளை அழைத்தார். "மாமாவுக்கு ஒரு பாடம் படிச்சுக் காட்டு, கண்ணு!" என்றார். குழந்தை ஆங்கிலப் புத்தகத்தை விரித்தது; விரைவு வண்டி போலப் பாய்ந்தது. தந்தையின் முகத்திலே பெருமை பொங்கிற்று. நான் ஆசிரியன், ஆசிரியனுக்கே உரிய ஐயம் எனக்கும் வந்தது. பாடத்தின் பாதியிலே பக்கத்தைப் புரட்டிவிட்டேன். குழந்தை நிற்கவில்லை! கண் புதிய பக்கத்தின் மேல்; வாய் பழைய பக்கத்தின் மேல். ஒரு சொல் பிசகாமல் ஓதி முடித்து, பாராட்டுக்காக என் முகத்தைப் பார்த்தாள்.

சரி, தாய்மொழியிலாவது பார்ப்போம் என்று ஒரு தாளிலே 'வெங்காயம்' என்று எழுதிக் கொடுத்தேன். பெரியாரின் வாயில் ஓயாமல் வந்த சொல். பெரம்பலூர் மண்ணில் மூட்டை மூட்டையாய் விளையும் பொருள். அன்று மாலை அந்த வீட்டு அடுக்களையிலேயே உரிபட்டுக்கொண்டிருந்த பொருள்! "வே..." என்றாள், "வெ..." என்றாள், நின்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஓதச் சொன்னார்கள், ஓதினாள். படிக்கத்தான் யாரும் சொல்லித் தரவில்லை!

இரண்டாம் வகுப்புக் குழந்தை எதைக் கற்றிருக்க வேண்டும்? ஊர் கேட்கும் கேள்வி இதுவன்று. "எத்தனை புத்தகம்? எத்தனை பக்கம் ஒப்பிக்கிறான்? ஆங்கிலத்திலே பாட்டுச் சொல்கிறானா?" இவைதாம் ஊர் கேட்கும் கேள்விகள். காலை ஏழு மணிக்குப் பெரம்பலூர்ச் சாலையிலே நின்று பாருங்கள். குன்னத்துப் பிள்ளையும் வேப்பந்தட்டைப் பிள்ளையும் தூக்கக் கண்ணோடு வண்டியில் ஏற்றப்படுகின்றனர். அரியலூரிலே சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் சுமந்து போகிறது லாரி. அதன் பின்னாலேயே புத்தகம் சுமந்து போகிறது பிள்ளை! லாரிக்காவது இவ்வளவுதான் ஏற்றலாம் என்று எடைக் கணக்கு உண்டு.

பிள்ளைக்கும் கணக்கு உண்டு, ஏட்டிலே உண்டு! 2018 மே 29-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். கிருபாகரன் ஆணையிட்டார். மத்திய வாரியப் பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது. மொழியும் கணக்கும் தவிர வேறு பாடம் கூடாது என்றார். அவ்வாண்டு நவம்பரிலே ஒன்றிய அரசும் அதையே சுற்றறிக்கையாக்கி, இவ்விரு வகுப்புகளுக்கும் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. நம் மாநிலப் பாடத்திட்டமோ தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்ற நான்கோடு நிற்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே சொல்லிவிட்டது: இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும், அச்சமில்லாமல் பிள்ளை கற்க வேண்டும்.

ஏட்டில் இருப்பது இது. பையில் இருப்பது என்ன? பொது அறிவுக்கு ஒரு நூல், கணினிக்கு ஒரு நூல், இந்திக்கு ஒரு நூல், நல்லொழுக்கத்துக்கு ஒரு நூல், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேடு, ஒவ்வொரு குறிப்பேட்டுக்கும் ஒரு விலை! வயது ஏழு, வீட்டுப்பாடம் இரவு ஒன்பது மணி வரை. இத்தனையையும் விளங்கிக் கற்க ஏழு வயதால் இயலாது. ஆனால் ஒப்பிக்க இயலும்! ஒப்பித்தால் கைதட்டல், ஒப்பிக்காவிட்டால் கண்டனம். அறிவு நுழைய வேண்டிய வாயிலிலே நெட்டுரு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பொருள் தெரியாமல் ஓதுவது, ஓதுவதற்குக் கட்டணம் பெறுவது, ஏனென்று கேட்டால் முகம் சுளிப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் நாம் அதற்குப் புரோகிதம் என்றுதானே பெயர் வைத்தோம்?

பெற்றோரை நான் பழிக்கவில்லை. மக்காச்சோளக் காட்டிலே கருகிய உழவன், ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்பிலே கொட்டை பொறுக்கிய தாய், "என் பிள்ளையாவது நிழலில் உட்காரட்டும்" என்று காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறாள். அந்த ஏக்கத்தை எள்ளி நகையாடுகிறவன் மனிதனல்லன். நான் கேட்பது நம்மை! பகுத்தறிவு பேசும் நம்மை! மேடையிலே "எதையும் ஏன் என்று கேள்" என்கிறோம். வீட்டிலே "ஏன் என்று கேட்காமல் ஒப்பி" என்கிறோம். மேடையிலே தமிழ், வீட்டு வாசலிலே தமிழ் பேசினால் தண்டம் என்னும் பள்ளியின் வண்டி!

"ஆங்கிலம் வேண்டாமா?" என்று சீறுவோர் உண்டு. வேண்டும். 1968 சனவரியில் சட்டமன்றத்திலே தமிழும் ஆங்கிலமும் போதும் என்று தீர்மானம் நிறைவேற்றிய இயக்கம் இது. ஆங்கிலத்தை மொழியாகக் கற்பிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்: தாய்மொழியில் ஒரு பக்கத்தைத் தானே படித்து உணர்ந்த பிள்ளைக்குப் படிப்பு என்றால் என்னவென்று தெரிந்துவிடுகிறது. அந்தத் திறனை அவன் ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்வான். ஒன்றிலும் படிக்கத் தெரியாதவன் இரண்டிலும் ஒப்பிப்பான்!

பிள்ளையின் சுமையைப் பற்றி நமக்கு முன்னே கவலைப்பட்டவர் ஒருவர் உண்டு. 1935-இலேயே 'குடிஅரசு' ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார் பெரியார். ககரத்துக்கு ஒரு கொம்பு, னகரத்துக்கு வேறொரு கொம்பு எதற்கு? 'கை'க்கு உள்ள குறியே 'லை'க்கும் 'னை'க்கும் போதாதா? 'கா'வுக்கு உள்ள காலே 'ணா'வுக்கும் 'றா'வுக்கும் போதாதா? இவை அவர் எழுப்பிய கேள்விகள். 1978-இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. இன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை 247 எழுத்தையும் 247 படங்களாக மனத்தில் சுமக்க வேண்டியதில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, சில குறிகள். முறை புரிந்தால் 216 உயிர்மெய்யும் தாமே வந்து நிற்கும். பிள்ளைக்கு நெட்டுருவைக் குறை, முறையைக் கொடு என்பதே அதன் உட்பொருள். எழுத்திலே அவர் இறக்கி வைத்த சுமையை நாம் பையிலே ஏற்றி வைத்திருக்கிறோம்!

கணக்கையும் பாருங்கள். 'பதினொன்று' என்னும் சொல்லைப் பிரித்தால் பத்தும் ஒன்றும் கண்ணெதிரே நிற்கும். 'முப்பத்தேழு' என்றால் மூன்று பத்தும் ஏழும். தொண்ணூறு ஒன்றுதான் சற்றே முரண்டு பிடிக்கும். ஆங்கிலத்து 'லெவன்', 'ட்வெல்வ்' என்பவற்றுக்குள்ளே பத்தைத் தேடினால் பிள்ளையின் கண்ணுக்கு அகப்படாது. பத்துக் குச்சியை ஒரு கட்டாகக் கட்டு, மூன்று கட்டும் ஏழு உதிரியும் எத்தனை என்று கேள். இரண்டாம் வகுப்பின் கணக்கில் பாதி அங்கேயே முடிந்தது. நாமோ வாய்பாட்டைக் கூட்டமாகக் கூவச் சொல்கிறோம். "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று கூவுகிற பிள்ளையிடம், எட்டெட்டு முந்திரிக்கொட்டையாக ஏழு குவியல் வைத்துக் காட்டு என்று சொல்லுங்கள். விழிக்கும்!

அரசுப் பள்ளி மட்டும் தூயதென்று நான் சொல்ல வரவில்லை. ஆசிரியர் ஒருவரி சொல்ல, நாற்பது வாய் திருப்பிச் சொல்ல, அதற்குப் பாடம் என்று பெயர் சூட்டிய வகுப்பறைகள் நம்மிடமும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்திலே பள்ளிக் கதவு மூடிக் கிடந்தபோது இழந்த எழுத்தை மீட்க, 2022 சூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கிற்று. வகுப்பைப் பாராமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிப்பது அதன் முறை. நல்ல முறை. எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் 2025-க்குள் எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பது குறி. கெடு கடந்தது, தோழர்களே! நம் ஊரிலே எத்தனை அரும்பு மலராயிற்று என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஒன்றிய அரசு 2021-இல் தொடங்கிய 'நிபுன் பாரத்' திட்டத்திலும் இரண்டாம் வகுப்புக்கு ஒரு குறி உண்டு. நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் பொருளுணர்ந்து படிக்க வேண்டும். 999 வரை எண் தெரிய வேண்டும். 99 வரை கழிக்கத் தெரிய வேண்டும். 'பொருளுணர்ந்து' என்றார்களே, அதை வரவேற்கிறேன். ஆனால் சொல்லை எண்ணும் கோலை யார் செய்தார்? 'போகவேண்டியிருந்தது' என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்திலே அதுவே மூன்று, நான்காகப் பிரியும். எல்லா மொழிக்கும் ஒரே முழக்கோல் பிடித்தால், ஒட்டி வளரும் தமிழைப் படிக்கிற பிள்ளை பின்தங்கியவன் ஆகிவிடுவான். அப்புறம் வேகத்துக்காக மறுபடியும் நெட்டுரு! மறுபடியும் மந்திரம்!

1953-ஐ நினைத்துப் பாருங்கள். இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சர். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மூன்று மணி நேரப் படிப்பு போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று கண்டறிந்தோம், கொதித்தெழுந்தோம், 1954-இல் அவர் பதவி போயிற்று, திட்டமும் போயிற்று. அன்று எதிரி ஆணை வடிவில் வந்தான். எளிதாக அடையாளம் தெரிந்தது. இன்று ஆணை ஏதும் இல்லை. இரண்டாம் வகுப்பிலே படிக்கத் தெரியாத பிள்ளை மூன்றாம் வகுப்பில் பின்வரிசைக்குப் போகிறான். ஐந்தாம் வகுப்பில் வாய் மூடுகிறான். ஒன்பதாம் வகுப்பில் காணாமற்போகிறான். தேடிப் பாருங்கள்: தகப்பன் சுமந்த மூட்டையையே சுமந்துகொண்டிருப்பான். குலக்கல்வி முடிந்தது என்று நாம் வெற்றி விழா கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்!

இதே அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள் அனிதா. 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றாள். நீட் என்னும் சுவர் குறுக்கே நின்றது. உச்ச நீதிமன்றம் வரை சென்று முறையிட்டாள். 2017 செப்டம்பர் 1-இல் அவளை இழந்தோம். பன்னிரண்டாம் வகுப்பின் வாயிலில் நின்ற சுவரை நாடே கண்டது. நாமும் தெருவுக்கு வந்தோம். இரண்டாம் வகுப்பின் வாயிலிலே ஒரு சுவர் நிற்கிறதே, அதை யார் கண்டார்? அங்கே நின்றுபோகும் பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை, செய்தி இல்லை, சுவரொட்டி இல்லை. தான் தடுக்கப்பட்டோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. தனக்குப் படிப்பு ஏறவில்லை என்றே நம்புவான். தலையெழுத்து என்பான்! தலையெழுத்து இல்லை என்று நாற்சந்திதோறும் முழங்கிய நாம், அவன் கையில் எழுத்தைக் கொடுத்தோமா?

என்ன செய்வது? பெரிய படை வேண்டியதில்லை. ஒரு தாள் போதும். உங்கள் தெருவில் உள்ள ஏழு வயதுப் பிள்ளை ஒவ்வொன்றையும் அழையுங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத ஐந்து வரியை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். படிக்கட்டும், படித்ததன் பொருளைத் தன் சொல்லில் சொல்லட்டும். படித்ததையே திரும்பப் படிப்பது ஓதல். இதுவரை காணாததைப் படிப்பதே படிப்பு! படித்தால் பாராட்டுங்கள். படிக்காவிட்டால் பிள்ளையைக் கடியாதீர்கள். பள்ளிக்குச் செல்லுங்கள், அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் கூட்டத்திலும் எழுந்து நின்று கேளுங்கள்.

இந்த இயக்கம் வளர்ந்த இடம் எது? படிப்பகம்! எழுத்தறிந்தவன் ஒருவன் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத இருபது பேர் சுற்றி அமர்ந்து கேட்டார்களே, அந்தப் படிப்பகம். கேட்டவர்கள் பின்னர் ஏன் என்று கேட்டார்கள், நாடு மாறிற்று. எஞ்சியிருக்கும் அந்தப் படிப்பகங்களின் கதவை மாலை ஆறு மணிக்குத் திறந்து வையுங்கள். ஒரு பாய், ஒரு விளக்கு, பத்துக் குச்சிக் கட்டு, நாலைந்து கதைப் புத்தகம். ஏழு வயதுப் புரோகிதர்கள் வந்து அமரட்டும்.

முதல் நாள் ஓதுவார்கள். பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்! திகைப்பார்கள், திணறுவார்கள், எழுத்து எழுத்தாகக் கூட்டுவார்கள். ஒரு நாள், புரட்டிய பக்கத்திலேயே கண்ணும் வாயும் ஒன்றாய் நிற்கும். நின்றதும் தலை நிமிர்ந்து, "இது ஏன் மாமா இப்படி?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தானே, தோழர்களே, இவ்வளவு காலமும் போராடினோம்!