குட்டி மிக்-21... வெள்ளி பெயின்ட் அடித்தால் உலோகம் ஆகிவிடுமா?

2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963-ல் நம் விமானப்படைக்கு வந்த விமானம் அது. இனி அதைப் பார்க்க வேண்டும் என்றால் மியூசியத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால், பிளாஸ்டிக் கிட் வாங்கி நாமே ஒட்டி, வீட்டு ஷோகேஸில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒட்டுவது பெரிய கஷ்டம் இல்லை. பலர் சறுக்குவது நிறத்தில்தான். ஆரம்ப கால மிக்-21கள் பெயின்ட் இல்லாமல், அலுமினியம் அப்படியே தெரியத்தான் பறந்தன. 1971 போர் நெருங்கிய நேரத்தில்தான் அவற்றில் பலவற்றுக்கு அவசர அவசரமாகப் பச்சை, பழுப்பு வண்ணங்களைப் பூசினார்கள். அந்தப் பழைய வெள்ளி மிக்கை நினைத்து ஒரு டப்பா சில்வர் பெயின்ட் வாங்கி அடிப்போம். காய்ந்த பிறகு பார்த்தால், வீட்டு கேட்டுக்கு அடித்தது மாதிரி இருக்கும்!

ஏன் அப்படி? சில்வர் பெயின்டில் இருப்பது பொடிப்பொடியான அலுமினியத் துகள்கள். அவை வழவழப்பான பரப்பில் தட்டையாகப் படுத்தால், ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பும். கண்ணுக்கு உலோகமாகத் தெரியும். பரப்பு சொரசொரப்பாக இருந்தால் துகள்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடக்கும். ஒளி சிதறி வெறும் சாம்பல் நிறமாகிவிடும். அதனால் முக்கால்வாசி வேலை பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இதை எங்கள் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். புவிசார் குறியீடு வாங்கிய மரச்சிற்பங்கள் எங்கள் ஊருடையவை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத மரத்தில் எந்த பாலிஷும் நிற்காது என்று சிற்பப் பட்டறைப் பையனே சொல்வான். கார் பட்டறைகளிலும் இதே கதைதான். பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்த பிறகுதான் ஸ்ப்ரே துப்பாக்கியை எடுப்பார்கள். நமக்குத் தேவையானதும் அந்த வாட்டர் பேப்பர்தான். 400-ல் ஆரம்பித்து 1000, 2000 எனப் போக வேண்டும். 1:72 அளவு கிட்டில் மிக்-21-ன் இறக்கை முழுவதும் சேர்ந்தே 10 சென்டிமீட்டருக்குள்தான். அதில் 0.1 மில்லிமீட்டர் கீறல் விழுந்தால், நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டர் பள்ளம் என்று அர்த்தம். பச்சை பெயின்ட் அதை மறைத்துவிடும். வெள்ளி மறைக்காது, காட்டிக் கொடுத்துவிடும்.

தேய்த்து முடித்ததும் முதல் கோட்டாக பளபளக்கும் கறுப்பு அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் ஆல்கிளாட் போன்ற உலோக லேக்கரை ஏர்பிரஷ்ஷில் மெல்லிசாக ஊதுவார்கள். கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, லேக்கர், தின்னர் வாடை. ஜன்னல் இல்லாத அறையில் இந்த வேலை கூடவே கூடாது. முகக்கவசமும் துணி மாஸ்க்காக இருந்தால் போதாது, ரசாயன ஆவியைத் தடுக்கும் ஃபில்டர் உள்ளதாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஈரப்பதம். கல்வராயன் மலையில் மூட்டம் இறங்கியிருக்கும் நாளில் லேக்கர் அடித்தால், காயும்போது பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும். பெயரிலேயே வெள்ளி இருந்தாலும், வெள்ளிமலையில் மழைக்காலத்தில் இந்த வேலை சரிப்படாது!

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்வது அடுப்படி அலுமினிய ஃபாயிலைத்தான். நிஜ விமானத்தின் தோலும் அலுமினியக் கலவைத் தகடுதானே! தங்க ரேக்கு ஒட்ட விற்கும் பசையை மெல்லிசாகத் தடவி, அது கையில் லேசாக ஒட்டும் பதம் வந்ததும் ஃபாயில் துண்டை வைத்து, காது குடையும் பட்ஸால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். கிட்டில் இருக்கும் தகட்டுக் கோடுகளைப் பல் குத்தும் குச்சியால் அழுத்தி எடுத்து, ஓரத்தைப் பிளேடால் வெட்டிவிடலாம். பிளேடு வேலை மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

ஒரே பெரிய துண்டாகச் சுற்றினால் சாக்லேட் கவர் மாதிரி ஆகிவிடும். நிஜ விமானத்தில் தகட்டுக்குத் தகடு நிறம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றம்தான் கண்ணை நம்ப வைக்கிறது. ஃபாயிலின் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். ஆலையில் கடைசியாக உருட்டும்போது இரண்டு தாள்களைச் சேர்த்து உருட்டுவார்கள். உள்ளே முகம் பார்த்த பக்கம்தான் மங்கல். ஆக, ஒரே ரோலில் இரண்டு நிறம் கையில் இருக்கிறது. ஃபாயிலில் உருட்டிய மெல்லிய வரிகளும் ஓடும். ஒரு துண்டை நீளவாக்கிலும் பக்கத்துத் துண்டைக் குறுக்குவாக்கிலும் ஒட்டிப் பாருங்கள். பட்டுப்புடவையைத் திருப்புவதுபோல நிறம் மாறும். இன்னும் மங்கல் வேண்டுமா? இட்லிப் பானையின் உள்பக்கம் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்களே... ஃபாயிலையும் தண்ணீரில் கொதிக்கவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்.

எங்கே உலோகம், எங்கே பெயின்ட் என்று பழைய புகைப்படங்களைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. இரண்டாம் உலகப்போரின் பிற்பகுதியில் எடையையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க, அமெரிக்கா பல விமானங்களுக்குப் பெயின்ட் அடிப்பதையே நிறுத்தியது. அப்போது வந்த பி-51டி மஸ்டாங்கின் உடல் வெறும் உலோகம். ஆனால் இறக்கைக்குப் பட்டி பார்த்து வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார்கள், காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக. அந்த மாடலில் இறக்கைக்கு ஃபாயில் ஒட்டினால்தான் தப்பு!

மிக்-21-லும் அப்படி ஓர் இடம் உண்டு. மூக்கு நுனியில் இருக்கும் கூம்பை வெள்ளியாக்கிவிடாதீர்கள். அதற்குள் ராடார் இருக்கிறது. கூம்பு உலோகமாக இருந்தால் ராடார் அலை வெளியே போகவே முடியாது. அதற்குப் பெயின்ட்தான். வால் பக்கம் இன்ஜின் சூடு படும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் நீலம் தடவுங்கள். கடைசியாக ஒன்று... ஒட்டி முடித்த மாடலை வெறும் கையால் தொடாதீர்கள். விரல் ரேகை பதிந்தால், அது ஷோகேஸ் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரியும்.